கூப்பிட்டால் பேச விடுங்கள்

சனிக்கிழமை பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்துக்கு எங்கள் பெரியப்பா உட்பட ஊர்க்காரர்கள் நாலு பேரைப் பேசக் கூப்பிட்டு, கடைசி வரிசையில் காக்க வைத்து, பேச விடாமலே மரக்கன்றைக் கொடுத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதைப் பற்றி அன்றிரவே நாலு வரி எழுதியிருந்தேன். நடந்தது என்ன என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், அந்தப் படத்தையும் பார்த்திருப்பீர்கள். கீழே வந்த பதில்களைப் படித்ததிலிருந்து இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. “ஒரு நாற்காலிக்கு இவ்வளவு கோபமா?” என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். நாற்காலிக்காக இல்லைங்க. எங்கள் பெரியப்பா பாதி ஆயுசைக் கண்மாய்க் கரையில் வெறுந்தரையில் உட்கார்ந்து கழித்தவர். அவருக்கு நாற்காலி ஒரு பொருட்டே கிடையாது. கூப்பிட்டீர்கள், பேச விடவில்லை. என் குறை அவ்வளவுதான்.

நாங்களாகப் போய் நிற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகமும் ஊர் மக்களும் ஒரே இடத்தில் கூடி, நீடித்த வாழ்வுக்கான பொது அறம் பற்றிப் பேசப் போகிறோம், கிராமத்திலிருந்து தண்ணீர் விஷயம் தெரிந்த நாலு பேர் வேண்டும் என்று மூன்று வாரத்துக்கு முன்பு போன் வந்தது. நான் படித்த வளாகம் அது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான், அந்தப் பட்டத்தை அங்கேதான் வாங்கினேன். அழைப்பிதழில் ‘சமுதாயப் பெரியோர்’ என்று அச்சடித்திருந்ததைப் பெரியப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெரியப்பா எங்கள் ஊர்க் கண்மாய்க்கு நீர்ப்பாய்ச்சி. வடக்கு மாவட்டங்களில் நீர்க்கட்டி என்பார்கள். சிவகங்கைச் சீமையில் எங்கள் ஊருக்கு ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதைக் கண்மாயில் பிடித்து வைத்து ஒரு போகம் எடுத்தால் உண்டு. அந்தத் தண்ணீர் இன்றைக்கு யார் வயலுக்கு, எவ்வளவு நேரத்துக்கு என்று மடையைத் திறந்து மூடுகிறவர் அவர். எத்தனை ஏக்கர் வைத்திருந்தாலும் தன் வயலுக்குத் தானே வாய்க்கால் வெட்டிவிட யாருக்கும் உரிமை இல்லை. அவர் மண்வெட்டிதான் வெட்ட வேண்டும். அடைமழை ராத்திரிகளில் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கரை நெடுக நடப்பார். எலி வளை எங்கே, கசிவு எங்கே என்று காலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். கண்மாய்த் தண்ணீர் பாயும் ஆயக்கட்டில் அவருக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அதனால்தான் அவர் சொன்னால் ஊர் கேட்டது.

காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினோம். என்ன பேசப் போகிறார் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். “ரெண்டே விசயந்தான்யா. அதுக்கு மேல சொன்னா படிச்சவுகளுக்குச் சலிச்சுப் போகும்.”

முதல் விஷயம் கலுங்கு. “கண்மா நெறஞ்சா மிச்சத் தண்ணி கலுங்கு வழியா அடுத்த ஊரு கண்மாய்க்குப் போகணும். நம்ம ஆளுக இன்னுங் கொஞ்சம் தேக்கிக்கிருவோம்னு கலுங்குக் கல்லு மேல மண்ணு மூட்டைய அடுக்குவாக. அந்த மூட்டைய கீழ் ஊர்க்காரன் வயித்து மேல வைக்கிறோம்னுதான் அர்த்தம். ராத்திரியோட ராத்திரியா நான் எடுத்து எறிஞ்சிருக்கேன். அதுக்கு அடியும் பட்டிருக்கேன்.”

இரண்டாவது முறை வைப்பது. “தண்ணி கொறஞ்ச வருசம் கடைமடையில இருந்துதான் முறைய ஆரம்பிக்கணும். மடைக்குப் பக்கத்துல வயல் வச்சிருக்கவன் கண்ணால தண்ணியப் பாத்துக்கிட்டே இருக்கான், பொறுத்துக்கிருவான். கடைசி வயக்காரனுக்கு நம்பிக்கை மட்டுந்தான் இருக்கு.”

இந்த இரண்டையும் அந்த அரங்கத்தில் யாரும் கேட்கவில்லை. என் கோபத்தின் அளவு புரியவில்லை என்று எழுதியவர்கள் தயவுசெய்து மேலே உள்ள இரண்டு பத்தியையும் இன்னொரு தடவை படியுங்கள்.

காலை அமர்வில் என்ன நடந்தது? விளக்கேற்றல், பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடி பொன்னாடை. பிறகு பூமி சாசனம் பற்றி ஒரு உரை. நல்ல உரை, குறை சொல்ல மாட்டேன். 1992 ரியோ மாநாட்டுக்குப் பிறகு பல நாட்டு மக்களிடம் வருஷக்கணக்கில் கருத்துக் கேட்டுக் கேட்டு எழுதி, 2000 ஜூன் மாதம் தி ஹேக் நகரில் வெளியிட்ட ஆவணம் அது. பதினாறு கோட்பாடுகள். அதில் பதின்மூன்றாவது, முடிவுகள் எடுப்பதில் எல்லாரையும் பங்கெடுக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அந்தத் தாளை எங்கள் நாலு பேர் கையிலும் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில்.

அடுத்து உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921 என்று ஆண்டுகள், குடவோலை, ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு ஏரி வாரியம். கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவுக்காரனும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது என்ற விதியைத் திரையில் போட்டதும் கைதட்டல். நானும் தட்டினேன். தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரி குளங்கள் என்று அடுத்த படம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்தைய ஏரி வாரியத்துக்கு முக்கால் மணி நேரம் கொடுத்தீர்கள். இன்றைக்கு உயிரோடு இருக்கிற நீர்ப்பாய்ச்சிக்கு முக்கால் நிமிஷம் கொடுத்தீர்கள்.

எங்கள் நேரம் மதியம் 2.30 என்று அச்சடித்திருந்தது. கூப்பிட்டது 5.10-க்கு. கடைசி வரிசையில் காத்திருந்த அத்தனை நேரமும் பெரியப்பா சும்மா இருக்கவில்லை. நாற்காலிக்கு ஒன்று என்று வைத்திருந்த அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில்களில் பாதி குடித்து விட்டுப் போனவை நிறையக் கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய் வராண்டாவில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டிகளில் ஊற்றினார். மூடியைத் திருகி, காலிப் பாட்டிலைச் சுவரோரம் வரிசையாக நிற்க வைத்தார். பேட்ஜ் குத்திய ஒரு பையன் வந்து, “தாத்தா, அதெல்லாம் ஹவுஸ்கீப்பிங் பாத்துக்குவாங்க, நீங்க உக்காருங்க” என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். பெரியப்பா சிரித்தபடி வந்து உட்கார்ந்தார்.

மைக் கைக்கு வந்தது. “எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் கண்மாயில நீர்ப்பாய்ச்சி. எங்க அய்யாவும்...” அதற்குள் தொகுத்து வழங்கியவர் குனிந்து, “ஐயா, கொஞ்சம் சுருக்கமா முடிச்சுக்கங்க, வெளியூர் விருந்தினர்களுக்கு ட்ரெயின் இருக்கு” என்றார். “சரிங்க” என்று மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான் அவர் உரை. பிறகு நாலு பேர் கையிலும் ஆளுக்கொரு மரக்கன்றைக் கொடுத்து நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மறுநாள் அந்தப் படம் வெளியானது. நின்றிருந்த பேராசிரியர்கள் எல்லாருக்கும் பெயர், பதவி, துறை. எங்கள் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே சொல்: ‘பயனாளிகள்’.

என்ன பயன் வாங்கினோம்? யாரிடம் வாங்கினோம்?

இனி பதில்களுக்கு வருகிறேன். “நேரம் தாமதமாவது எல்லாக் கூட்டத்திலும் நடப்பதுதானே.” நடக்கட்டும். எப்போதும் யாருடைய நேரம் வெட்டுப்படுகிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். பொன்னாடை நேரம் ஒருநாளும் வெட்டுப்படுவதில்லை.

“ஏற்பாடு செய்தவர்களின் உழைப்பைக் கொச்சைப்படுத்தாதீர்கள்.” உழைத்தார்கள், மறுக்கவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

“உனக்குப் பல்கலைக்கழகம் என்றாலே ஆகாது.” இது மட்டும் வேண்டாம். எனக்குச் சோறு போடுவது அந்தப் படிப்பு. சில வருஷங்களுக்கு முன்பு இதே வளாகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி எங்கள் ஊருக்கு வந்தார். மூன்று மாதம் பெரியம்மா வீட்டில் தங்கி, காலையில் பெரியப்பாவோடு கரைக்குப் போய், எந்த மடைக்கு எந்த வயல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நோட்டில் படம் போட்டார். கடைசி நாள் அந்தப் படத்தை விரித்து வைத்து, “தப்பு இருந்தா சொல்லுங்க பெரியப்பா” என்று கேட்டார். பெரியப்பா இரண்டு இடத்தில் திருத்தினார். அந்தப் பெண் ஊருக்குப் போனபோது பெரியம்மா கண் கலங்கினார். எனக்குத் தெரிந்த பல்கலைக்கழகம் அது. கேட்கத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதால்தான் சனிக்கிழமை இவ்வளவு வலிக்கிறது.

“கிராமத்து ஆட்களுக்கு அறக் கோட்பாடுகள் பற்றி என்ன பேசத் தெரியும், நடைமுறைதானே தெரியும்?” இதை எழுதியவர் படித்தவர், நல்லவர், எனக்கும் தெரிந்தவர். அவருக்கு நம் பக்கத்திலேயே இருக்கிற ஒரு இடத்தைச் சொல்கிறேன். சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி. வேட்டங்குடிக் கண்மாய்க்கு வலசை வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று அந்த ஊர் சனம் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1977-இல். இன்றும் தீபாவளி ராத்திரி எந்தப் போலீசும் அங்கே காவலுக்கு நிற்க வேண்டியதில்லை. ஐந்து வயசுப் பிள்ளையிடம் மத்தாப்பூவை நீட்டி, வெடி வேண்டாம்டா, குஞ்சு பொரிச்சிருக்கு என்று சொல்லிப் புரியவைக்கிற தாய்க்கு அறக் கோட்பாடு தெரியாதா?

அரிட்டாபட்டி தெரியாதவர் உண்டா? 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தில் அந்தப் பகுதியும் போனது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், மேலூர் பக்கத்து ஊர்களெல்லாம் திரண்டு மதுரைக்கு நடந்தார்கள், சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்தக் கூட்டத்தில் முன்னால் நடந்த கிழவிகளையும் பயனாளிகள் என்றா எழுதுவீர்கள்?

இன்னொரு கேள்வி வந்தது. அதற்குத்தான் நான் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். “பழைய தண்ணீர் முறை என்பதே சாதி முறைதானே, அதைப் போய்ப் பொது அறம் என்று தூக்கிப் பிடிக்கலாமா?”

அதை எங்களுக்கா சொல்லித்தருகிறீர்கள்? நீர்ப்பாய்ச்சி வேலை எந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தது என்று எங்களுக்குத் தெரியாதா? உத்திரமேரூர் சபையில் யார் உட்கார முடிந்தது என்பதையும் அந்த முக்கால் மணி நேரத்தில் யாரும் சொல்லவில்லை, அதையும் நான் கவனித்தேன். ஊர்த் தண்ணீர் முழுவதையும் பங்கு வைத்த எங்கள் அய்யாவுக்கு, பெரியப்பாவின் அப்பாவுக்கு, ஊர்ச் சாவடியில் உட்கார இடமில்லை. முறை பேசும்போது படிக்குக் கீழே நின்று, “இன்னாருக்கு இவ்வளவு நேரம் சாமி” என்று அண்ணாந்து சொல்வாராம். களத்தில் அவர் பங்கு நெல்லுக்குச் சுதந்திரம் என்று பேர். அந்தச் சுதந்திரத்தைக் குனிந்துதான் வாங்க வேண்டும். பெரியப்பா பஸ்ஸில் சொன்ன இரண்டு விஷயத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நேரமிருந்தா சாவடி விசயத்தையும் சொல்லிப்புடலாமாய்யா? படிச்ச எடம், கேப்பாகள்ல?” என்று கேட்டார். கேட்பார்கள் பெரியப்பா என்று நான்தான் சொன்னேன்.

நேரம் இருக்கவில்லை. சாவடிப் படிக்குக் கீழே நிற்க வைத்தவனுங்கூட முறையை அய்யா வாயால் கேட்டுத்தான் போனான். பேசுங்கள் என்று கூப்பிட்டு மரக்கன்றைக் கையில் கொடுத்து அனுப்பியது சனிக்கிழமைதான்.

ஏற்பாட்டாளர்களில் ஒருவர் நேற்று போன் செய்தார். வருத்தம் தெரிவித்தார், அடுத்த ஆண்டு தனி அமர்வே வைக்கலாம் என்றார். வைக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. இப்போதைக்கு அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிற சொல்லை எடுத்துவிட்டு நாலு பேர் பெயரையும் போடுங்கள், பெரியப்பா பெயருக்குப் பக்கத்தில் ‘நீர்ப்பாய்ச்சி’ என்று எழுதுங்கள் என்று கேட்டேன். பார்க்கிறேன் என்றிருக்கிறார். இதை எழுதும் வரைக்கும் மாறவில்லை.

பெரியப்பாவிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. அந்த மரக்கன்று வேம்பு. மடைக்குப் பக்கத்தில், கரையில் வேர் இறங்காத தூரமாகப் பார்த்து நட்டிருக்கிறார். நேற்று சாயங்காலம் போனபோது அதற்கு முள் வேலி கட்டிக்கொண்டிருந்தார்.

“அடுத்த தடவ கூப்பிட்டாகன்னா சொல்லுய்யா. அந்தக் கலுங்கு விசயத்த மட்டுமாவது சொல்லிப்புடணும்” என்றார்.