மந்து என்று சொல்லுங்கள்

ஊட்டியில் சீசன் சமயத்தில் அடிக்கடி காதில் விழும் ஒரு சிரிப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். வழிகாட்டிப் பலகையிலோ கைபேசி வரைபடத்திலோ எம், யு, என், டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைப் பார்ப்பார்கள். "முண்ட்" என்று வாசிப்பார்கள். உடனே கூட வந்தவரைப் பார்த்து "முண்டம்" என்று ஒரு கிண்டல். அந்த இடத்தில் நீலகிரிப் பழங்குடியான தோடர் குடும்பங்கள் வாழ்கின்றன. அது அவர்களுடைய ஊர். அவர்கள் காதுபடவே இது நடக்கிறது.

அந்தச் சொல் மந்து. தோடர் குடியிருப்புக்கு நீலகிரியில் வழங்கும் பெயர். படகர் ஊருக்கு ஹட்டி, கோத்தர் ஊருக்கு கோக்கால், தோடர் ஊருக்கு மந்து. இந்த மலையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். கீழிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாததில் தப்பில்லை. ஆனால் மலையில் கடை வைத்திருப்பவர்களும் வண்டி ஓட்டுபவர்களும்கூட இப்போது 'முண்ட்' என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆங்கிலேயர்கள் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். அதுவும் சரியில்லை. அந்தக் காலத்தில் நம் ஊர்ச் சொற்களில் வரும் குறில் அகரத்தை அவர்கள் பல இடங்களில் யு எழுத்தால்தான் எழுதினார்கள். பஞ்சாபுக்கு அவர்கள் போட்ட எழுத்தைப் பாருங்கள், முதல் உயிரெழுத்தாக வருவது யு. பங்களா அவர்கள் மொழிக்குப் போனபோதும் அப்படித்தான் எழுதப்பட்டது. மடத்தை 'மட்' என்று எழுதும்போதும் யு. அப்படியானால் அந்த நான்கு எழுத்துகளை எழுதியவர் தன் காதில் கேட்டபடி 'மந்த்' என்றுதான் எழுதியிருக்கிறார். பஞ்சாபைப் 'புஞ்சாப்' என்று யாரும் வாசிப்பதில்லை. மந்து என்ற சொல்லை மட்டும் முண்டாக வாசிக்கிறோம்.

'முண்ட்' என்று வாசித்தால் அது எங்கெங்கேயோ போய்விடும். இந்திக்காரருக்கு அந்த ஓசை தலையைக் குறிக்கும். தமிழில் முண்டம் என்றால் தலை இல்லாத உடல். ஒரே வடசொல் வழியில் வந்தது ஒரு மொழியில் தலையாகவும் இன்னொன்றில் தலையில்லாததாகவும் நிற்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம் பேசுகிறவர்களுக்கு முண்டு இடுப்பில் கட்டும் வேட்டி. ஜார்க்கண்டில் முண்டா ஒரு பெரிய பழங்குடியின் பெயர், பிர்சா முண்டா பிறந்த இனம். ஜெர்மன்காரருக்கு இதே நான்கு எழுத்து வாய். டேனிஷ் மொழியிலும் வாய்தான். பழைய ஆங்கிலத்தில் இதே எழுத்தில் ஒரு சொல் இருந்தது, கை என்றும் பாதுகாப்பு என்றும் அதற்குப் பொருள். எட்மண்ட் என்ற பெயரின் வால்பகுதி அந்தப் பாதுகாப்புதான். இவற்றில் எதற்கும் நம் மந்துக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. எழுத்து ஒத்துப்போனது தற்செயல்.

உறவுள்ள சொற்கள் வேறு. அவை நம் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன.

மன்று, மன்றம். ஊர் நடுவே மரத்தடியில் ஆட்கள் கூடும் இடத்தைச் சங்கப் பாடல்கள் மன்றம் என்கின்றன. மாடுகள் நிற்கும் இடமும் மன்றுதான், பசுக்கூட்டத்துக்கும் மன்று என்ற பொருளை அகராதி தருகிறது. தில்லையில் கூத்தன் ஆடும் இடம் பொன்மன்று. ஒன்று என்ற தமிழ்ச் சொல் கன்னடத்திலும் படகர் பேச்சிலும் ஒந்து ஆகிறதல்லவா? அதே வழியில்தான் மன்றும் மந்தும் நிற்கின்றன. மதுரைப் பக்கம் மந்தை என்பார்கள். காலையில் மேய்ச்சலுக்குப் போகுமுன் மாடுகள் ஒன்றுசேரும் வெளி, சாயங்காலம் பெரியவர்கள் உட்கார்ந்து பஞ்சாயத்துப் பேசும் வெளி, மந்தையம்மன் கோயில் இருக்கும் வெளி. தெலுங்கில் மந்த என்றால் ஆட்டு மாட்டுக் கூட்டம். குடகில் மந்த் என்பது ஊர்ப் பொதுத்திடல், புத்தரி அறுவடைத் திருநாளில் ஆண்கள் வட்டமாக ஆடுவது அங்கேதான். மலையாளத்தில் ஊர்க்காரியம் பேசும் இடம் மன்னம். பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியில் இந்தச் சொற்களெல்லாம் ஒரே பதிவில் அண்ணன் தம்பிகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த எமனோ 1930களில் இங்கே வந்து தோடர், கோத்தர் மொழிகளைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியவர்.

மாடும் மனிதரும் கூடும் இடம். மதுரைப் பக்கத்து மந்தையை விட்டால், மற்ற ஊர்களில் இந்தப் பொருள் பாதி பாதியாகப் பிரிந்துபோயிற்று. குடகில் ஆட்டம் மட்டும், தெலுங்கில் மாடு மட்டும். நமக்கு நீதிமன்றம், சட்டமன்றம், நகர்மன்றம் என்று கட்டடங்களுக்குள் போய்விட்டது. முழுப்பொருளும் சேர்ந்து, குடியிருப்பாகவே நிற்பது நீலகிரியில்தான். தோடர்கள் தங்களுக்குள் பேசும்போது அது 'மொத்' என்பது போல ஒலிக்கும், கடைசி எழுத்து வல்லோசையாக அல்ல, 'பந்து' என்பதில் வரும் 'து' போல மென்மையாக. மந்து என்பது படகரும் தமிழரும் சொல்லும் வடிவம். தோடர்களுக்கு அந்தச் சொல் வெறும் ஊர் இல்லை. குடியிருக்கும் வீடுகள், எருமைத் தொழுவம், பால் கறந்து மோர் கடையும் கோயில், எல்லாம் சேர்ந்ததுதான் மந்து. ஈமச் சடங்கு நடக்கும் இடத்துக்கும் அதே சொல். குலத்துக்கும் அதே சொல். ஒரு தோடரிடம் எந்த மந்து என்று கேட்டால் அவர் சொல்லும் பதிலில் அவர் குலமும் வந்துவிடும், யார் வீட்டில் பெண் எடுக்கலாம், யார் வீட்டில் கூடாது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

டிசம்பர் ஜனவரியில் முத்தநாடு மந்தில் மொற்பர்த் பண்டிகை நடக்கும்போது போய்ப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் மூன்போ கோயில், அதற்கு முன்னால் பூத்துக்குளி என்ற சால்வை போர்த்திய ஆண்கள், பல மந்துகளிலிருந்து வந்தவர்கள், பாட்டு, ஆட்டம், இளவட்டக்கல் தூக்குதல். சங்கப் பாட்டு சொல்லும் மன்றத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அங்கே போய் நில்லுங்கள் என்பேன். எனக்கு இதில் பெருமை உண்டு. தமிழர் என்று நாம் சொல்லிக்கொள்ளும் பெருமைக்குள் இதைச் சேர்க்கச் சொல்லவில்லை. தோடர் பேசுவது தனி மொழி, தமிழின் சிதைவு இல்லை. உரசொலிகளும் உருட்டொலிகளும் அதில் இருக்கும் அளவுக்கு வேறு எந்தத் திராவிட மொழியிலும் இல்லை. பேசுகிறவர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேரை ஒட்டித்தான். அவ்வளவு சிறிய கூட்டம் அவ்வளவு பழைய சொல்லைத் தினமும் புழங்கிக்கொண்டிருக்கிறது என்பதுதான் என் பெருமை.

இப்போது ஊரின் பெயருக்கு வருகிறேன். 1821இல் சென்னைப் பத்திரிகை ஒன்றில் இந்த இடத்தின் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தபோது அதன் முடிவில் மந்து இருந்தது. மறுவருடம் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இங்கே கல் பங்களா கட்டத் தொடங்கினார், அப்புறம் ஒரு நகரமே வளர்ந்தது. பெயரின் முதல் பாதி எதிலிருந்து வந்தது என்பதில் ஆளுக்கொரு விளக்கம், ஒற்றைக்கல் என்பது பலரும் சொல்வது. இரண்டாம் பாதியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த மந்துதான் ஊட்டகமண்ட் என்ற ஆங்கிலப் பெயரின் வாலாக நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

பெயரைத் தமிழாக்குகிறோம் என்று உதகமண்டலம் வைத்தார்கள். உதகமும் மண்டலமும் வடசொற்கள். நீர், வட்டம். தோடரும் போனார், அவருடைய ஊரும் போயிற்று. ஆங்கிலேயர் காதில் விழுந்ததை எழுதி வைத்தார்கள், நாம் அதை எடுத்துவிட்டோம். பேச்சுக்கு ஊட்டி, பத்திரிகைக்கு உதகை, இரண்டிலும் மந்து இல்லை. கோத்தகிரியில் கோத்தர் இன்னும் பெயரிலேயே இருக்கிறார். குன்னூருக்கும் பெயர் மாற்றவில்லை. மாற்றியது தோடர் சொல் இருந்த ஊருக்கு மட்டும்.

ஊர்ப்பெயரைத் திரும்ப மாற்று என்று நான் கொடி பிடிக்கவில்லை. பேருந்தில் ஊட்டி என்றே போடட்டும். கேட்பது சின்ன விஷயம். மந்துகளுக்குப் போகும் வழியில் இருக்கும் ஒவ்வொரு பலகையிலும் தமிழில் மந்து என்று பெரிதாக எழுதுங்கள். பல இடங்களில் தமிழ் எழுத்திலேயே 'மண்ட்', 'முண்டு' என்றெல்லாம் பார்க்கிறேன், அதை அழித்துவிட்டுச் சரியாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் யு எழுத்துக்குப் பதில் ஏ போடுங்கள். சுற்றுலா வழிகாட்டிகளும் ஓட்டுநர் அண்ணன்மாரும் வண்டியில் ஏறுகிறவர்களுக்கு அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிக் கொடுங்கள், அரை நிமிடம் ஆகாது. வருகிறவர்கள் கேட்காமல் வீட்டு வாசலில் நின்று ரீல்ஸ் எடுக்காதீர்கள். அந்தத் தாழ்ந்த சின்ன வாசலைப் பார்த்ததும் தலையை உள்ளே நீட்டிப் பார்க்கத் தோன்றும். பால் கோயிலாக இருந்தால் அருகே போவதே கூடாது.

பலகையில் மந்து என்று எழுதுவதா, அவர்கள் சொல்கிற மாதிரியே மொத் என்று எழுதுவதா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. அதை முடிவு செய்ய வேண்டியவர்கள் மந்துகளில் இருக்கும் பெரியவர்கள். பலகைக்கு வண்ணம் அடிக்கும் முன் அதிகாரிகள் முத்தநாடு மந்துக்குப் போய் அவர்களைக் கேட்கட்டும்.