பத்தாவது படிக்கும் பிள்ளைக்கே நன்றாகப் புரிகிறது
நுகர்வோர் சட்டத்தைக் கல்லூரியில் சொன்னால் போதும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியாது என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் குடியாத்தம் பக்கம் பல வீடுகளில் கடைக்குப் போவதே பள்ளிப் பிள்ளைகள்தான். பத்தாவது படிக்கும் என் அண்ணன் மகள் வேலூரில் ஒரு கடையில் குளிர்பானம் வாங்கினாள். பாட்டிலில் 20 ரூபாய், கடைக்காரர் கேட்டது 22. ‘கூலிங் சார்ஜ்’ என்றார். அவள் பாட்டிலைத் திருப்பி, “எல்லா வரியும் சேர்த்துதான் இந்த விலைன்னு போட்டிருக்கே அண்ணா, இதுக்கு மேல வாங்கக் கூடாதே” என்றதும் 2 ரூபாய் திரும்பி வந்தது. அவளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது பள்ளியில் நடக்கும் குடிமக்கள் நுகர்வோர் மன்றம். கடைக்காரர் மேல் புகார் கொடுத்தால் வக்கீல் செலவு ஆகுமே என்று அந்தக் கட்டுரையைப் படித்த ஒருவர் பயந்திருக்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம், வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம். ஆனால் பில் இல்லாவிட்டால் எல்லாமே சிக்கல், பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான். அப்புறம், தேசிய நுகர்வோர் தினமான டிசம்பர் 24 அன்று பேச்சுப் போட்டியோடு நிறுத்தாமல் அவர்களை உழவர் சந்தைக்குக் கூட்டிப் போங்கள். எடைக்கல்லில் முத்திரை இருக்கிறதா, எலக்ட்ரானிக் தராசு பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று அவர்களே பார்க்கட்டும்.