25-ஆம் தேதி எங்கள் வீட்டில் ஓப்பன் ஹவுஸ் இல்லை

கிறிஸ்துமஸ் அன்றைக்கே ஓப்பன் ஹவுஸ், அதாவது வீட்டைத் திறந்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் பெருநாள் விருந்து, வைப்பதை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் கருத்து. ஓப்பன் ஹவுஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. பினாங்கில் பிறந்து வளர்ந்தவள் அப்படிச் சொல்வேனா? 25-ஆம் தேதி வேண்டாம், அவ்வளவுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டதற்கே அரை நாள் பஞ்சாயத்து நடந்தது. சித்தப்பா ஒருவர் இது வெள்ளைக்காரன் பழக்கம் என்றார். கிறிஸ்துமஸ் கேக்கை இரண்டு துண்டுக்குக் குறையாமல் சாப்பிடுகிறவர் அவர். மாமி தட்டெழுத்துச் சண்டைக்கெல்லாம் வருகிறவர் இல்லை, நேராகப் போன் அடித்துக் கேட்டார்: "ஏம்மா, நல்ல நாள் அதுவுமா வர்றவங்களை வராதீங்கன்னு சொல்றதா?"

மாமி கேட்டதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

24-ஆம் தேதி ராத்திரி நம் வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சாயங்காலமே ஆட்டிறைச்சியைக் கழுவி, மசாலா போட்டு, ஐஸ்பெட்டியில் இடம் பண்ணி வைத்தாக வேண்டும். பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கியாக வேண்டும், அதுவும் கொஞ்சநஞ்சமா? அந்தக் கையோடு குளித்து, சேலை கட்டி, பிள்ளைகளைக் கிளப்பி, காடிக்கு இடம் கிடைக்காமல் கோயிலை நாலு சுற்றுச் சுற்றி, ஒரு வழியாக உள்ளே போனால் கேரல் பாதி முடிந்திருக்கும். பூசை முடிந்து, குடிலில் பாலன் இயேசுவைப் பார்த்து, அதன் முன்னால் எல்லாரும் படம் எடுத்து, வீடு வந்து சேர மணி ஒன்றரை. கேக் வெட்டிக் காப்பி குடித்த கையோடு மற்றவர்கள் எல்லாரும் படுத்துவிடுவார்கள். ஒருத்தி மட்டும் விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்பைப் பற்ற வைப்பாள். மட்டன் பெரட்டல் அவசரத்துக்கு வேகாது. பதினொரு மணிக்கு முதல் காடி வந்து நிற்கும். அதிலிருந்து ராத்திரி வரைக்கும் "வாங்க, சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்பதைத் தவிர அவள் வாயிலிருந்து வேறு வார்த்தை வராது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமி 25-ஆம் தேதி மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. கேட்டால் பசியில்லை என்பார்.

சமையலிலும் ஒரே சமையலா நடக்கிறது? மலாய் நண்பர்கள் வருவார்கள் என்பதால் கோழியும் ஆடும் ஹலால் கடையில்தான் வாங்க வேண்டும், பன்றி இறைச்சி அன்றைக்கு அடுப்படிப் பக்கமே வரக்கூடாது. அப்படியும் சிலருக்கு மனசு ஒப்பாது, அது அவர்கள் நம்பிக்கை. அவர்களுக்காக மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தனியாகச் சாப்பாடு சொல்லி, புதுக் காகிதத் தட்டும் வாங்கி வைப்போம். அம்மா வழிச் சொந்தத்தில் பாதிப் பேர் இந்துக்கள், மாட்டிறைச்சி கூடாது. அதிலும் இது ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் காலம். கார்த்திகையில் போட்டவர்களில் பலர் ஜனவரி நடுவில் மகரவிளக்கு முடியும் வரை விரதம் இருப்பார்கள். அவர்களுக்குப் பாத்திரம் தனி, கரண்டி தனி. முதலில் அந்த சைவச் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டுத்தான் கறியில் கை வைப்போம். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியும் அந்தச் சட்டியில்தான் பங்கு கேட்பார். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. மலேசியாவில் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமாக இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்ததே இந்த அடுப்படிக் கணக்குதான். ஆனால் இரண்டு மணி நேரத் தூக்கத்தில் போடுகிற கணக்கா இது?

மற்ற பெருநாட்களைப் பாருங்கள். நோன்புப் பெருநாள் என்றால் ஷவ்வால் மாதம் முழுவதும் ஓப்பன் ஹவுஸ் நடக்கிறது. முதல் நாள் அவர்கள் தொழுகை, அப்பா அம்மா வீடு, கல்லறை என்று தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். நமக்கு அழைப்பு இரண்டாவது, மூன்றாவது வாரம் வரும், நாமும் முகம் சுளிக்காமல் போய் ரெண்டாங் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். சீனப் புத்தாண்டு பதினைந்து நாள். கடைசி நாளான சாப் கோ மே அன்று எஸ்பிளனேட் கடற்கரையில் பெண்கள் ஆரஞ்சுப் பழத்தைக் கடலில் வீசுகிற வரைக்கும் பெருநாள்தான். தீபாவளிக்கு நம் சொந்தக்காரர்களே வார இறுதி பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் மட்டும் ஏன் ஒரே நாளில் மூச்சு வாங்குகிறது?

இத்தனைக்கும் நமக்குக் காலம் குறைச்சலா? கத்தோலிக்கத் திருச்சபையின் நாள்காட்டியில் கிறிஸ்துமஸ் என்பது ஒரு நாளே இல்லை. 24-ஆம் தேதி மாலை தொடங்கி ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை போகிறது. இந்த முறை அது 2026 ஜனவரி 11. அதில் முதல் எட்டு நாளையும், அதாவது ஜனவரி 1 வரை, ஒரே பெருநாளாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று ராஜாக்கள் திருநாள் ஜனவரி 6, நம் கோயில்களில் அதை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் கொண்டாடுகிறோம், இந்த முறை ஜனவரி 4. ஆனால் நாம் கோயிலைப் பார்த்து நடப்பதில்லை, பேரங்காடியைப் பார்த்து நடக்கிறோம். அங்கே நவம்பரிலேயே மரம் வைத்துப் பாட்டுப் போட்டுவிடுகிறார்கள். கோயிலில் அப்போதுதான் திருவருகைக் காலம் தொடங்கி, ஊதா மெழுகுவத்தி ஒன்று ஏற்றியிருப்பார்கள். கோயிலில் பெருநாள் ஆரம்பிக்கும்போது கடையில் மரத்தை இறக்கிச் சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பு விளக்கு தொங்கவிடத் தயாராகிவிடுகிறார்கள். வியாபாரம் அப்படித்தான், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வீட்டிலும் 26-ஆம் தேதியே மரத்தை மடித்துப் பெட்டியில் வைக்கிறோமே, அது யார் சொல்லி?

26 லீவு இல்லையே என்று மச்சான் சொன்னார். உண்மைதான். பினாங்கில் 25 மட்டும்தான் பொது விடுமுறை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, அதிலும் பெரும்பகுதி சபா, சரவாக்கில். இங்கே தீபகற்பத்தில் நம் வீட்டுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் இல்லை, லீவு நாளாகப் பார்த்துத்தான் வர முடியும். அதற்குத்தான் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறது. ஜனவரி 1-ம் பினாங்கில் லீவுதான்.

பிள்ளைகள் விஷயமும் இதில் சேர்கிறது. முன்பெல்லாம் நவம்பரிலேயே பள்ளி மூடிவிடுவார்கள், டிசம்பர் முழுக்கப் பலகாரத்துக்கு ஆள் வீட்டிலேயே இருந்தது. கோவிட்டுக்குப் பிறகு 2022-இலிருந்து புதுத் தவணை மார்ச்சுக்குப் போனதில், டிசம்பர் நடுவரைக்கும் பள்ளி, வீட்டுப்பாடம் என்றாகிப் பலகாரம் கடைக்குப் போய்விட்டது. 2026-இல் தவணை மறுபடி ஜனவரியிலேயே தொடங்குகிறது, பினாங்கில் ஜனவரி 12. அதுவரைக்கும் லீவு என்பதால் இந்த வருடம் அச்சு முறுக்குக்கு என் மகனைப் பிடித்து உட்கார வைத்தேன். அரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, மாவு வேலை அவ்வளவுதான். வித்தை அச்சில் இருக்கிறது. எண்ணெயிலேயே கிடந்து அச்சு நன்றாகச் சூடேற வேண்டும், இல்லாவிட்டால் மாவு ஒட்டாது. முக்கும்போது அச்சின் மேல் விளிம்பை மாவு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது, குச்சியால் குத்தி எடுக்க வேண்டியதுதான். முதல் ஏழெட்டு முறுக்கு உடைந்தே வந்தது, உடைந்ததையெல்லாம் அவனே தின்றான். அப்புறம் லேசாக ஓர் உதறு உதறினால் பூ மாதிரி விழுகிற பக்குவம் கைக்கு வந்ததும், வேறு யாரையும் அச்சைத் தொட விடவில்லை.

மாமிக்கு வருகிறேன். அவர் வளர்ந்தது கெடாப் பக்கம் எஸ்டேட்டில். அங்கே பெருநாள் என்றால் அழைப்பு கிழைப்பு ஒன்றும் கிடையாது, லயத்து வீட்டு வரிசை முழுக்கத் தட்டுப் போகும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை, வாழைப்பழம் வைத்து, மேலே துணி மூடிப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். தீபாவளிக்கு அந்த வீடுகளிலிருந்து தட்டு வரும். அவர் மனசில் இருக்கும் கிறிஸ்துமஸ் அதுதான். நாற்பது பேருக்குப் பந்தலும் பஃபே மேசையும் அதற்குப் பிறகு வந்தவை. எனவே போனில் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: 25 காலையில் அக்கம்பக்கம் எல்லா வீட்டுக்கும் தட்டுப் போகும், பிள்ளைகள் கொண்டு போவார்கள். யாராவது வாசலுக்கு வந்துவிட்டால் காப்பியும் கேக்கும் உண்டு, விரட்ட மாட்டோம். மத்தியானச் சாப்பாடு எங்களுக்கு மட்டும். தோசை, முதல் நாள் வைத்த மட்டன் கறி, போதும். மாமி உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பரிமாறுவது என் வீட்டுக்காரர். அவருக்குத் தோசை சுடவும் தெரியும், யாரும் இதுவரை கேட்டதில்லை என்பதால் சுடவில்லை.

"சரி, பார்ப்போம்" என்றார் மாமி. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

ஓப்பன் ஹவுஸ் ஜனவரி 4, பதினொரு மணிக்கு மேல். சைவச் சட்டி தனியாக உண்டு, சாமிமார்கள் தயங்காமல் வரலாம். சிரப் தண்ணீர் என் மகள் கலக்குகிறாள், இனிப்புக்கு நான் பொறுப்பில்லை. தப்பாவ் பண்ணி வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்கள் டப்பாவை நீங்களே கொண்டு வந்துவிடுங்கள். போன வருடம் போன என் மூடி போட்ட டப்பர்வேர் யார் வீட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இந்தப் பதிவையும் அவர் படிப்பார்.