தாலுகா ஆபீஸ் வரை வந்த கரம்பை மண்

சித்திரை பிறந்ததும் தாத்தா மாட்டுவண்டி கட்டிவிடுவார். வற்றிய கண்மாயின் உள்வாயில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரம்பையை, அதாவது வண்டல் மண்ணை வெட்டி, வயலில் குவியல் குவியலாகத் தட்டி, முதல் மழைக்கு முன்னால் இறைத்துவிடுவார்கள். கண்மாயும் ஆழமாகும், வயலும் தேறும். யாரிடமும் மனு கொடுத்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆனால் சட்டத்தின் கணக்கில் அந்த மண் சிறுகனிமம். 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளுக்குள் வருவது. சொந்த வயலுக்கு நாலு நடை அடிக்க வேண்டுமென்றாலும் மாவட்டத் தலைநகர் வரை அனுமதிக்கு அலைய வேண்டியிருந்தது. அப்பா அலைந்தார். ஒரு வருடம் உத்தரவு கைக்கு வந்தபோது கண்மாயில் முழங்கால் தண்ணீர்.

அதனால்தான் 2024 ஜூலையில் வந்த மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். கட்டணமில்லாமல் வண்டல் எடுக்க தாசில்தாரே அனுமதி தரலாம், மனுவை இணையத்திலேயே போடலாம் என்று ஆனது. ஏக்கருக்கு நன்செய் என்றால் 75 கன மீட்டர், புன்செய் என்றால் 90. ஒரு டிராக்டர் டிப்பருக்கு மூன்று கன மீட்டர் என்று வைத்தாலும் நன்செய் ஏக்கருக்கு 25 நடை. ஒரு வயலுக்கு அது தாராளம். மானியம், தள்ளுபடி என்றால் கோடிகளில் பேச வேண்டும். இங்கே மாறியது கையெழுத்துப் போடும் இடம் மட்டும்தான்.

விவசாயி பெயரைச் சொல்லி மண் செங்கல் சூளைக்குப் போய்விடும் என்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானதுதான். அதற்குத்தான் ஏக்கர் கணக்கு இருக்கிறது. வண்டி எந்த வயலில் தட்டுகிறது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். திருடுகிறவனைப் பிடியுங்கள், அவனைக் காரணம் காட்டி விவசாயியை அலையவிடாதீர்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. எங்கள் பக்கத்தில் பாதி வயல்களைக் குத்தகைக்காரர்கள்தான் உழுகிறார்கள். எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிந்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்று நிலக்காரர் பயப்படுகிறார். பதியச் சொன்னால் அடுத்த வருடம் நிலமே கிடைக்காதே என்று குத்தகைக்காரர் பயப்படுகிறார். கடைசியில் மனு போட உட்காரும்போது அவர் கையில் காட்ட ஒரு காகிதம் கிடையாது. எங்கள் சித்தப்பா பன்னிரண்டு வருடமாக ஒரே வயலை உழுகிறார். சிட்டாவில் இருப்பது சென்னையில் குடியிருப்பவரின் பெயர்.

யார் பயிர் வைத்திருக்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கு வந்து பார்த்து எழுதித் தந்தால் போதும், அந்தச் சான்று மண் எடுக்க மட்டுமே செல்லும், நில உரிமைக்குச் சாட்சியாகாது என்று விதியில் ஒரு வரி சேர்க்கலாம். நிலக்காரரின் பயமும் தீரும். அடுத்த சித்திரைக்குள் அது வந்துவிட்டால், சித்தப்பா தன் பெயரிலேயே மனு போடுவார்.