காய வைக்காமல் மாட்டிவிட்டுக் காளானைத் திட்டாதீர்கள்

மரத்தூளில் காளான் பூஞ்சையை வளர்த்துச் செய்த சுவர்ப் பேனலில் சிப்பிக் காளான் முளைத்து நிற்கிற அந்த வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை பேர் அனுப்பிவிட்டீர்கள்! கூடவே ஒரு கேள்வி: "இதுதான் நாளைய கட்டுமானப் பொருளா?"

வீடியோவை நிறுத்திப் பாருங்கள். காளான் வந்திருப்பது பேனலின் முகத்தில் இல்லை, அறுத்த ஓரத்தில். அங்கேதான் பெயிண்ட் உப்பி உரிந்திருக்கிறது. கீழே மஞ்சளாக நீர் கசிந்த கறை. உள்ளே பூஞ்சை உயிரோடு இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் கிடைத்ததும் முளைத்துவிட்டது. அந்தப் பேனலைச் சரியாகக் காய வைக்கவே இல்லை.

இந்தப் பேனல் செய்ய, மரத்தூளை ஆவியில் வேகவைத்து, 60 - 65 சதவீத ஈரத்தில் காளான் வித்து (பூஞ்சை வளர்ந்த விதைப்பொருள்) கலந்து, 25 டிகிரியில் ஒரு வாரம் பையில் வைப்பார்கள். பிறகு உதிர்த்து அச்சில் அடைத்து இன்னும் ஐந்தாறு நாள். இதுவரை தப்பு நடந்தால் கண்ணுக்குத் தெரியும். வேண்டாத பச்சைப் பூஞ்சை விழுந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். கடைசிக் கட்டமான அடுப்பில் காய வைப்பதுதான் ஏமாற்றும். 80 டிகிரி சூட்டில் மேல்தோல் சீக்கிரமே மொடமொடவென்று ஆகிவிடும். 5 செ.மீ. கனமான பேனலின் நடுப்பகுதி அப்போதும் ஈரம்தான். தராசில் வைத்தால்தான் உண்மை தெரியும்: 1 கிலோவாக உள்ளே போனது சுமார் 400 கிராமுக்கு இறங்கி, அடுத்தடுத்த இரண்டு எடையும் ஒன்றாக வர வேண்டும். அதுவரை அது பேனலே இல்லை, காளான் படுக்கை. அதன்மேல் பெயிண்ட் அடித்தால் ஈரத்துக்கு இருக்கிற வழியும் அடைபடும்.

"நனைந்தால் திரும்ப முளைக்காதா?" முளைக்காது. நடுப்பகுதி வரை சூடேறிச் செத்த பூஞ்சை செத்ததுதான். ஈரச் சுவரில் வெளிப் பூசணம் பிடிக்கும், ஒட்டுப்பலகையில் பிடிப்பதுபோல. குளியலறையில் மாட்டாதீர்கள், அவ்வளவுதான்.

"கையாலேயே உடைகிறதே, இதில் வீடு கட்ட முடியுமா?" யார் கட்டச் சொன்னது? 2014இல் நியூயார்க்கில் சுமார் 10,000 காளான் செங்கற்களால் எழுப்பிய ஹை-ஃபை கோபுரம்கூட ஒரு கோடைக்காலத்துக்கு நின்ற காட்சிக் கட்டடம்தான். சாதாரண கான்கிரீட் தாங்குவது 20 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அலகு). இந்தப் பேனல் பெரும்பாலும் 1கூட வராது. சத்தத்தை உறிஞ்சவும் வெப்பத்தைத் தடுக்கவும் இருக்கிற பொருளைச் சுமை தூக்கச் சொல்லிவிட்டு, தூக்கவில்லை என்று கேலி செய்வது என்ன நியாயம்?

மனசு வலிக்கிறது. இரண்டு நாள் அடுப்புச் செலவை மிச்சம் பிடித்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, திட்டெல்லாம் பூஞ்சைக்கு. வீடியோ போட்டவரே, அந்தப் பேனலைக் கழற்றி எடை போடுங்கள். காய வைத்து மறுபடி போடுங்கள். இரண்டு எண்களையும் அதே வீடியோவின் கீழே எழுதுங்கள்.