நாலாவது தடவையாக, மறுபடியும் பேலியோ

ஆனி மாதக் கடைசியில் மறுபடி பேலியோ ஆரம்பித்தேன். சோறு, இட்லி, சர்க்கரை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு முட்டை, கறி, தேங்காய் என்று சாப்பிடும் டயட். நாலாவது தடவை. இட்லிச் சட்டியை அடுப்பில் வைக்கப் போன மனைவியிடம், "எனக்கு மூணு முட்டை மட்டும் போதும்" என்றேன். திரும்பிப் பார்த்தாள். "மறுபடியுமாங்க?" என்று கேட்டுவிட்டு முட்டையை எடுத்தாள். பாவம், அவளுக்கும் இது நாலாவது தடவை.

மாம்பழ சீசன் முடியட்டும் என்று காத்திருந்துதான் ஆரம்பித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கடைவீதியில் மல்கோவாவும் இமாம் பசந்தும் குவிந்து கிடக்கும் மாதத்தில் ஒரு சேலத்துக்காரன் டயட் தொடங்கினேன் என்றால் நான் நம்ப மாட்டேன்.

முதலில் கணக்கு. 2016-இல் 94 கிலோ இருந்தேன், எட்டு மாதத்தில் 76. 2018 முடியும்போது 91. 2019-இல் 93-லிருந்து மறுபடி ஆரம்பித்து 82 வரை இறங்கினேன். ஊரடங்கு வந்தது, வீட்டோடு இருந்ததில் 96. 2022-இல் 85. அப்பா போன பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, இந்த ஆனியில் 98. மூன்று தடவையும் சேர்த்தால் 40 கிலோ குறைத்திருக்கிறேன். அப்படியும் ஆரம்பித்ததைவிட நாலு கிலோ அதிகமாக இருக்கிறேன். கணக்கு எழுதுவதுதான் எனக்குப் பிழைப்பு, ஆனாலும் இந்தக் கணக்கு மட்டும் நேராக வரவில்லை.

2016-இல் இதே முகநூலில் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் போட்டேன். தமிழ்நாட்டில் பேலியோ அலை அடித்த காலம் அது. பேலியோவைத் தமிழில் பரப்பிய நியாண்டர் செல்வன் ஆரம்பித்த முகநூல் குழுவைப் பார்த்து, பாதாமை நெய்யில் வறுத்து எண்ணி எண்ணித் தின்றவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். என் படத்துக்கும் லைக் குவிந்தது. பள்ளியில் கூடப் படித்தவர்கள் எல்லாம் இன்பாக்ஸில் வந்து யோசனை கேட்டார்கள். நானும் பெரிய நிபுணர் மாதிரி அள்ளி விட்டேன். 2018-இல் எடை ஏறியதும் ஒரு ராத்திரி அந்தப் பதிவை எடுத்து, எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி மாற்றி வைத்துவிட்டேன். என்னிடம் யோசனை கேட்டு ஆரம்பித்தவர்களில் எத்தனை பேர் அதே மாதிரி மறைத்தார்களோ.

இந்தப் பதிவை எழுதுவதே அதற்காகத்தான். இளைத்ததை ஊருக்குச் சொல்கிறோம், திரும்பக் குண்டானதைச் சொல்வதில்லை. அதனால் எடை திரும்பியவன் ஒவ்வொருவனும், உலகத்தில் தான் ஒருத்தன்தான் தோற்றுப்போனவன் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இந்த 'முன்–பின்' பழக்கம் பழையதுதான். 1863-லேயே லண்டனில் வில்லியம் பேண்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் குறைத்து ஒரு வருடத்தில் 20 கிலோ இளைத்த கதையைச் சொந்தச் செலவில் அச்சிட்டு ஊருக்குக் கொடுத்தார். சாவு வீடுகளுக்கு இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்வது அவர் தொழில். குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாமல், மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கியவராம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. 98 கிலோவில் நான் கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துத்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்க்கிற இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆத்தூர் ரோட்டில் ஒரு ஜவ்வரிசி மில்லில் கணக்கு. ஜவ்வரிசிக்கான குச்சிக்கிழங்கு (மரவள்ளி) லாரி உள்ளே வந்ததும் முதலில் பாயிண்ட் பார்ப்போம். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதுதான் பாயிண்ட், விலையும் அதை வைத்துத்தான். பாயிண்ட் ஏறினால் விவசாயிக்குச் சந்தோஷம், குறைந்தால் வாக்குவாதம். நாள் முழுக்க மாவுச்சத்தின் விலையை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து மாவுச்சத்தைத் தள்ளி வைக்கிறேன். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது மில்லில் பாயசம் வைத்தார்கள். இரண்டு டம்ளர் குடித்தேன். அந்தப் பாயசத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

விருந்தில் நான் விழுந்ததே இல்லை என்பதைத்தான் இவ்வளவு நாள் கழித்துக் கண்டுபிடித்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்றால் முன்னமே தெரியும், மனசு தயாராக இருக்கும். 2017-இல் நான் விழுந்த இடம் தட்டுவடை செட். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு சின்னத் தட்டுவடை, நடுவே துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே காரச் சட்னி, பச்சைச் சட்னி. ஒரே வாயில் போட வேண்டும், கடித்துத் தின்றால் சட்டை போய்விடும். அன்று சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கூட வேலை செய்கிறவரோடு நின்றுகொண்டிருந்தேன். 76 கிலோவைத் தொட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. இனி என்ன, இளைத்தாகிவிட்டதே என்று ஒரு செட் தின்றேன். ஒன்றும் ஆகவில்லை. அதுதான் வினை. மறுவாரம் இரண்டு செட், அதற்கடுத்து ஒரு முட்டை நொறுக்கல். அப்புறம் வீட்டு டீயில் சர்க்கரை திரும்பியது. காலையில் தோசை திரும்பியது. எந்த நாளில் டயட்டை விட்டேன் என்று கேட்டால் ஒரு தேதி சொல்ல முடியாது. அறிவித்துவிட்டுத் தொடங்கியவன், அறிவிக்காமலே விட்டிருக்கிறேன்.

இரண்டாவது தடவை வேறு கூத்து. தம்பி முறை பையன் கல்யாணத்தில் மனசாரச் சாப்பிட்டேன், மறுநாளும் வீட்டில் பலகாரம். மூன்றாம் நாள் மிஷினில் ஏறினால் இரண்டு கிலோ கூடியிருக்கிறது. எல்லாம் போச்சு என்று அன்றே மனம் விட்டுப்போனது. உண்மையில் போனது ஒன்றுமில்லை. உடம்பு சர்க்கரையைக் கிளைக்கோஜனாக ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, மொத்தம் சுமார் அரைக் கிலோ. ஒவ்வொரு கிராமும் கூடவே மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். சோற்றை நிறுத்திய முதல் வாரம் 'ஆஹா' என்று இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி அந்தத் தண்ணீர்தான். இரண்டு நாள் சோறு சாப்பிட்டால் திரும்ப ஏறுவதும் அதே தண்ணீர். முதல் வாரத்தில் அதற்காகக் குதித்தவனும் நான்தான், கல்யாணத்துக்குப் பிறகு அதற்காகவே அழுதவனும் நான்தான்.

"உனக்கு மன உறுதி பத்தலைடா" என்று ஒரு நண்பன் மூன்று தடவையும் சொன்னான். ரொம்ப நாள் நானும் அப்படித்தான் நம்பினேன். 2011-இல் மெல்போர்னில் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் இளைக்கவைத்து, ஒரு வருடம் கழித்து ரத்தத்தைச் சோதித்தார்கள். பசியைத் தூண்டுகிற ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்கு வரவில்லை, பசியும் முன்பைவிட அதிகமாகவே இருந்தது. அமெரிக்காவில் டிவி போட்டி ஒன்றில் அதிரடியாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துச் சோதித்தார்கள், 2016-இல் வந்த ஆய்வு. இழந்த எடையில் பெரும்பகுதி திரும்பியிருந்தது. அதைவிட மோசம், அவர்கள் உடம்பு எரிக்க வேண்டிய அளவைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. இளைத்ததைப் பஞ்சத்தில் அடிபட்டதாகத்தான் உடம்பு நினைத்துக்கொள்கிறது. சோற்றைக் கண்டால் விடச் சொல்லாது. அம்மா, "சாமி, ஒரு கரண்டி சோறு போட்டுக்க, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு" என்று சொல்வதும் என் ஹார்மோன் சொல்வதும் ஒன்றேதான்.

சரி, அப்படியானால் ஏன் மறுபடி பேலியோவுக்கே வந்தாய் என்று கேட்கலாம். அதில் மந்திரம் ஏதோ இருக்கிறது என்று இப்போது நான் நம்பவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரைப் பாதிப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாவுச்சத்தைக் குறைத்து, மறு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் சராசரியாக ஐந்து, ஆறு கிலோதான். 2018-இல் வந்த முடிவு இது. பேலியோவா மற்றதா என்று முகநூலில் கட்டிப் புரண்டு சண்டை போட்டவர்களில் நானும் ஒருவன், அந்த நேரத்தில் கொஞ்சம் தூங்கியிருக்கலாம். எனக்கு இது ஒத்துவருவதற்கு ஒரே காரணம் பசி. காலையில் நாலு இட்லி தின்றால் பதினொரு மணிக்குக் கை நடுங்கும். மூன்று முட்டையும் கொஞ்சம் தேங்காயும் என்றால் மதியம் வரை மில் கணக்கு மட்டும்தான் நினைவில் இருக்கும். வேறு ஒருத்தருக்கு இது தலைகீழாக இருக்கலாம். என் மனைவி பேலியோவில் இரண்டு வாரம் தாக்குப்பிடித்தாள், மூன்றாவது வாரம் ஒரு குண்டான் ரசம் சாதம் தின்றுவிட்டுத்தான் என்னோடு பேசினாள்.

இந்தத் தடவை ஆரம்பிக்கும்முன் ரத்தம் கொடுத்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.3, எல்லையை ஒட்டித்தான். இன்னும் மாத்திரை இல்லை. மாத்திரையில், இன்சுலினில் இருப்பவர்கள் தயவுசெய்து என்னைப் பார்த்தோ வேறு யாரைப் பார்த்தோ நாளைக்கே சோற்றை நிறுத்தாதீர்கள். மில்லில் ஒருத்தர் பழைய அளவிலேயே மாத்திரை போட்டுக்கொண்டு மாவுச்சத்தைக் குறைத்ததில், மதியம் வேர்த்து விறுவிறுத்து மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். கையிலிருந்த கடலை மிட்டாய்தான் காப்பாற்றியது. எஸ்ஜிஎல்டி-2 வகை மாத்திரை (சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுவது) போடுகிறவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். டாக்டரிடம் கேட்டு மருந்தைச் சரிசெய்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இந்தத் தடவை இலக்கு எடை என்று ஒன்று வைத்துக்கொள்ளவில்லை. 76 என்று ஒரு எண்ணை வைத்தேன், அதைத் தொட்டதும் வேலை முடிந்தது என்று விட்டேன், முதல் தடவை கெட்டது அதில்தான். திங்கட்கிழமை காலை மட்டும் மிஷினில் ஏறுகிறேன். இறங்கிய இடத்திலிருந்து மூன்று கிலோ ஏறி இரண்டு வாரம் நின்றால், அது தண்ணீர் இல்லை என்று அர்த்தம், அப்போது மறுபடி கட்டுப்பாடு. ஐந்தாவது தடவை ஒன்று வரும் என்பதை இப்போதே கணக்கில் எழுதி வைத்துவிட்டேன். அது 98-இல் வராமல் 88-இல் வந்தால் போதும்.

ஆடி ஒன்றாம் தேதி, டயட் ஆரம்பித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் அன்று தேங்காய் சுடுவோம். தேங்காயின் கண்ணைத் திறந்து, உள்ளே அவல், பொட்டுக்கடலை, எள், வெல்லம் போட்டு, அழிஞ்சிக் குச்சியில் செருகித் தெருவில் நெருப்பு மூட்டிச் சுடுவது. பேலியோவுக்குத் தேங்காய் ஆகும், உள்ளே இருப்பதில் பெரும்பாலானது ஆகாது. முந்தைய தடவைகளில் என்றால் தெருவிலிருந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருப்பேன், இல்லை என்றால் தின்றுவிட்டு அந்த வாரமே டயட்டை விட்டிருப்பேன். இந்தத் தடவை பொண்ணோடு குந்தி உட்கார்ந்து சுட்டேன், அரை மூடி தின்றேன். மறுநாள் காலை மூன்று முட்டை.

இப்போது புரட்டாசி. வீட்டில் கவுச்சி கிடையாது, முட்டையும் உள்ளே வரக்கூடாது, அம்மா கண்டிப்பு. பன்னீர், வேர்க்கடலை, காலிஃபிளவர், கீரை என்று ஓடுகிறது. பன்னீரைப் பார்த்தாலே இப்போது முகம் சுளிக்கிறது. சனிக்கிழமை பெருமாளுக்குப் படைக்கும் பொங்கலில் ஒரு கரண்டி வாங்கிக்கொள்கிறேன். எடை 90-இல் நின்றுவிட்டது, மூன்று வாரமாக அசையவில்லை. நிற்கட்டும்.

அம்மாபேட்டையில் எங்கள் தெருவிலேயே ஒரு தையல்காரர் இருக்கிறார். இருபது வருடமாக என் பேன்ட் அவரிடம்தான். அவருடைய அளவு நோட்டில் என் பெயருக்கு நேராக என் சரித்திரமே இருக்கிறது. 2016-இல் 94 கிலோவில் இடுப்பு 40. 2019-இல் 93 கிலோவில் 41. எடை ஒரு கிலோ குறைவு, இடுப்பு ஒரு அங்குலம் அதிகம். இளைக்கும்போது கொழுப்போடு கொஞ்சம் தசையும் போகிறது, ஏறும்போது பெரும்பாலும் கொழுப்புதான் வருகிறது என்று பின்னால் ஒரு டாக்டர் விளக்கினார். நோட்டைப் பார்த்துத் தையல்காரர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார், என்னிடம் சொல்லத்தான் இல்லை. அதற்காகவே இந்த ஆவணியிலிருந்து சாயங்காலம் வீட்டில் இரண்டு ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நாலு பேன்டைக் கொண்டுபோய்ப் போட்டேன். டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ரெண்டரை இஞ்சு பிடிக்கணும் தம்பி" என்றார். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தவர் நிறுத்தி, மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"மிச்சத் துணியை வெட்டிறட்டுமா, உள்ள மடிச்சே விட்டுறட்டுமா?"

"மடிச்சே விடுங்கண்ணா."

தலையை ஆட்டிக்கொண்டு கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். நாளைக்குச் சாயங்காலம் போய் வாங்க வேண்டும்.