பாதி தப்புன்னா சரியாத்தான் போயிருக்கு

போன மாதம் என் தங்கை சென்னையில் என்கிளெக்ஸ் எழுதினாள். அமெரிக்காவில் நர்ஸ் லைசென்ஸ் வாங்க எழுதவேண்டிய தேர்வு. ஆளைப் பொறுத்து 85 முதல் 150 கேள்வி வரை வரும். ஐந்து மணி நேரம் என்று சொல்லியிருந்ததால் எதிரே டீக்கடையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணி நேரத்திலேயே முகம் வெளுத்து வெளியே வந்துவிட்டாள்.

"85-லயே முடிஞ்சிருச்சுண்ணே. பாதிக்குப் பாதி தப்பாத்தான் இருக்கும். போச்சு."

"பாதி தப்புன்னா சரியாத்தான் போயிருக்கு" என்றேன்.

கோபத்தில் எழும்பூர் வரைக்கும் பேசவில்லை. நான் கணக்கு வாத்தியார். நக்கலடிப்பதாக நினைத்துக்கொண்டாள் போல. ஆனால் நான் சொன்னது நிஜம். அதை விளக்கத்தான் இந்தப் பதிவு. கடைசியில் ஒரு புகாரும் இருக்கிறது.

நமக்கெல்லாம் தேர்வு என்றால் மார்க்கைக் கூட்டுவதுதான். நீட் என்றால் 180 கேள்வி, சரிக்கு 4, தப்புக்கு ஒன்று கழி, மொத்தம் 720. எல்லோருக்கும் ஒரே தாள். என்கிளெக்ஸும் ஒரு காலத்தில் அப்படித்தான், வருடத்துக்கு இரண்டு முறை காகிதத்தில் நடந்தது. 1994-இல் கணினிக்கு மாறியதோடு, எழுதுகிறவருக்குத் தக்கபடி கேள்வியும் மாற ஆரம்பித்தது. சரியாகச் சொன்னால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும், தப்பாகச் சொன்னால் கொஞ்சம் எளிதாக வரும். (ஆங்கிலத்தில் இந்த வகைத் தேர்வின் பெயரைச் சுருக்கினால் 'கேட்' என்று வரும். ஐஐஎம் நடத்தும் கேட் வேறு. அது பெயரில் மட்டும்தான் கேட், ஆளுக்கு ஆள் கேள்வி மாறாது.)

பழைய மளிகைக் கடைத் தராசை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் வெல்லம். கடைக்காரர் அரைக் கிலோ கல்லைப் போடுகிறார், கல் இருக்கும் தட்டு மேலேயே நிற்கிறது. இன்னும் 200 கிராம் சேர்க்கிறார், அந்தத் தட்டு கீழே இறங்கிவிடுகிறது. 200-ஐ எடுத்துவிட்டு 100-ஐப் போடுகிறார். முள் நடுவில் வந்து ஆடும்வரை இப்படியே. எத்தனை கல் போட்டார் என்பதா எடை? எந்தக் கல்லில் முள் நடுவில் நின்றதோ, அதுதான் எடை. இங்கே தட்டில் இருப்பது தங்கை, கற்கள்தான் கேள்விகள். முள் நடுவில் நிற்பது என்றால், அந்தக் கடினத்தில் வரும் கேள்விகளில் ஏறத்தாழ பாதியை அவள் சரியாகவும் பாதியைத் தப்பாகவும் சொல்கிறாள் என்று பொருள். கெட்டிக்காரிக்கும் பாதி தப்பும், சுமாரானவளுக்கும் பாதி தப்பும். தப்பின் எண்ணிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, எந்த உயரத்தில் தப்பியது என்பதுதான் விஷயம்.

கல்லுக்கு முத்திரை வேண்டும், இல்லையா? கேள்விக்கும் உண்டு. 85-இல் 15 கேள்விகளுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அவை இன்னும் முத்திரை குத்தாத கற்கள். அவற்றின் கடினம் எவ்வளவு என்று கண்டுபிடிக்க உங்களையே எடைக்கல்லாக வைத்துப் பார்க்கிறார்கள். எது அந்தப் பதினைந்து என்று தெரியாது.

திரும்பி வரும்போது ரயிலில் கொஞ்சம் கோபம் தணிந்து, "சரி, எப்படித்தான் கணக்குப் போடுவான்?" என்று கேட்டாள். பிஸ்கட் கவரைப் பிரித்து அதன் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன்.

டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960-இல் எழுதிவைத்த கணக்கு அது. ஆளின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைக்கிறார். அலகின் பெயர் லாஜிட். இரண்டும் சமம் என்றால் சரியாகச் சொல்ல 50% வாய்ப்பு. ஆள் ஒரு லாஜிட் மேலே இருந்தால் 73%, இரண்டு மேலே என்றால் 88%. அவ்வளவுதான், வேறெதுவும் அதில் இல்லை.

மூன்று கேள்வி என்று வைத்துக்கொள்வோம். கடினம் –0.5, 0, 0.6. முதல் இரண்டும் சரி, மூன்றாவது தப்பு. இப்போது கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: எந்தத் திறன் உள்ளவருக்கு இப்படிச் சரி-சரி-தப்பு என்று நடக்க அதிக வாய்ப்பு? திறன் –0.5 என்றால் இது நடக்க 14%. திறன் 2 என்றால் 16%. (அவ்வளவு கெட்டிக்காரர் மூன்றாவதைத் தப்பவிட மாட்டார்.) 0.75 என்றால் 24%. உச்சம் அங்கேதான் இருக்கிறது, ஆகவே அவள் திறன் இப்போதைக்கு 0.75 என்று மதிப்பிடுகிறோம். ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் இதையே மறுபடி போட்டு, புது மதிப்புக்குப் பக்கத்தில் இருக்கும் கேள்வியை எடுத்துத் தருகிறது கணினி. பாடப் பகுதிகளும் சரியான விகிதத்தில் வரவேண்டும் என்பதால் கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்துவிட முடியாது, அது தனிக் கதை.

"மூணும் சரின்னா?"

நல்ல கேள்வி. மூன்றும் சரி என்றால் அந்த உச்சம் எங்கேயும் நிற்காது. திறன் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று கணக்கு முடிவிலிக்கு ஓடிவிடும். வெல்லம் பக்கம் தாழ்ந்தே கிடக்கிறது, கல் தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி. இதற்காகவே பல தேர்வுகளில், பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள் என்கிற முன் அனுமானத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பேயஸ் வழி. மதிப்பு ஓடிப்போகாது, ஆனால் விலை உண்டு. கேள்விகள் குறைவாக இருக்கும்போது ரொம்பக் கெட்டிக்காரரையும் ரொம்பப் பின்தங்கியவரையும் அது நடுவை நோக்கி இழுத்துவிடும்.

பிஸ்கட் கவரில் நான் கடைசியாக எழுதியது பிழை வரம்பு. மூன்று கேள்விக்குப் பிறகு 0.75 என்றோமே, அதன் பிழை 1.25. அதாவது ஒன்றுமே தெரியாது என்று அர்த்தம். ஒவ்வொரு கேள்வியும் கொஞ்சம் தகவலைச் சேர்க்கிறது. பாதிக்குப் பாதி சந்தேகமுள்ள கேள்விதான் அதிகம் சேர்க்கும், 0.25. இவள் 90% சரியாகச் சொல்லிவிடுவாள் என்று தெரிந்த கேள்வியைக் கேட்டால் 0.09 மட்டுமே. அதனால்தான் உங்களை உட்காரவைத்துக் கடைசிவரை திணறடிக்கிறார்கள். சுலபமான கேள்வி கேட்பது நேர விரயம். 15-ஐக் கழித்தால் மிச்சம் 70 கேள்வி, அத்தனையும் சரி-தப்பு வகை என்று வைத்தால் பிழை 0.24-க்கு வந்துவிடும். 2023-இல் வந்த புது வடிவத்தில் நோயாளி ஒருவரை வைத்து வரிசையாக ஆறு கேள்வி கேட்பதும், பாதிச் சரிக்கு மதிப்பெண் தருவதும் உண்டு. ஆகவே என் கணக்கு தோராயம்தான்.

தேர்ச்சிக் கோடு பூஜ்யம். 2013-இல் –0.16-இலிருந்து அங்கே ஏற்றினார்கள். 85 கேள்வி முடிந்ததிலிருந்து கணினி ஒவ்வொரு முறையும் பார்க்கிறது: இவர் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று 95% உறுதியாகச் சொல்ல முடியுமா? முடிந்தால் நிறுத்திவிடும். ஆக 85-இலேயே நின்றால், கோட்டிலிருந்து குறைந்தது 0.4, 0.5 தள்ளி இருக்கிறீர்கள். மேல்பக்கமா கீழ்ப்பக்கமா என்பதை எண்ணிக்கை சொல்லாது. தங்கை போன பயிற்சி மையத்தில் "85-ல நின்னா பாஸ்" என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேறொரு மையத்தில் அதையே ஃபெயில் என்றார்களாம். இரண்டுக்கும் ஃபீஸ் வாங்கியிருக்கிறார்கள்.

தங்கை பாஸ். நல்லது. புகார் அவளைப் பற்றியதல்ல, அவளோடு ஒரே வார்டில் வேலை பார்க்கும் தோழியைப் பற்றியது. அந்தப் பெண்ணுக்கு 150 கேள்வியும் வந்தது, கடைசியில் ஃபெயில். கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் அவ்வளவு தூரம் போகும். 150 முடிந்ததும் விதி மாறுகிறது. அதுவரை 95% உறுதி கேட்ட கணினி, இப்போது கடைசி மதிப்பு கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று மட்டும் பார்க்கிறது. 135 கேள்விக்கு என் தோராயக் கணக்கில் பிழை 0.17. மதிப்பு 0.01 என்றால் பாஸ், –0.01 என்றால் ஃபெயில். சரியாகக் கோட்டின் மேலேயே நிற்கும் ஒருவருக்கு அது பூவா தலையாதான்.

எங்கேயாவது கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது, அதை ஒப்புக்கொள்கிறேன். கணக்கிலும் குறை சொல்லமாட்டேன், நான் பார்த்த மதிப்பீட்டு முறைகளில் இதுதான் நேர்மையானது. என் ஆத்திரம் வேறு. ஒவ்வொரு கேள்விக்கும் பிழையோடு சேர்த்துத் திறனை மதிப்பிட்ட இயந்திரம் கடைசியில் அந்த எண்ணை வெளியே சொல்வதில்லை. தோற்றவருக்கு ஒவ்வொரு பகுதியிலும் கோட்டுக்கு மேலே, பக்கத்தில், கீழே என்று ஒரு தாள் வரும். எண் கிடையாது, பிழை வரம்பும் கிடையாது. –0.02-உம் –0.9-உம் வீட்டில் ஒரே ஃபெயில்தான். ஒருவர் நன்றாகத் தூங்கி எழுந்து மறுபடி போகலாம், இன்னொருவர் புத்தகத்தை முதலிலிருந்து திறக்க வேண்டும். எது என்று தெரியாமலே இரண்டு பேரும் 200 டாலர் கட்டணமும், வெளிநாட்டில் எழுதுவதற்கு மேற்கொண்டு 150-உம் மறுபடி கட்டுகிறார்கள். எண்ணை வைத்திருப்பவர்கள் அதைக் கொடுப்பதில் என்ன நஷ்டம்?

அந்தப் பெண் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது: "நான் எவ்ளோ கம்மிண்ணா?" தெரியாது என்றேன். ஒரு தாளில் பூஜ்யத்தில் கோடு போட்டு, அதற்குச் சற்றுக் கீழே ஒரு புள்ளி வைத்து, புள்ளிக்கு இரண்டு பக்கமும் 0.17 நீளத்துக்குக் கோடிழுத்துக் காட்டினேன். கோட்டைத் தாண்டி மேலே போனது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டது. மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும். சென்னையில் தேதி கிடைக்கவில்லை, பெங்களூரில் போட்டிருக்கிறதாம்.